ஆய்வுகூட அலுமாரியில் கிடந்த மணற்கல்: குழாய்களா, வேர்களா, துளைகளா?

வடமராட்சி ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்தபோது, பழைய அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு கல் கிடைத்தது. அதில் ஒட்டியிருந்த தாளை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டதால் 'மணற்' என்ற எழுத்துகள் மாத்திரமே மிஞ்சியுள்ளன. கல்லின் நீளம் 22 சென்ரிமீற்றர், அகலம் 14, தடிப்பு 6. நிறம் வெளிர் கபிலம். ஒரு முகத்தில் 5 அல்லது 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டப் புள்ளிகள் நெருக்கமாக உள்ளன. உடைந்த பக்கத்தைப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் கல்லுக்குள் நேராக இறங்கும் ஒரு குழாயின் வாய் என்பது தெரிகிறது. குழாய்கள் வெறுமையாக இல்லை; அவற்றுக்குள்ளும் மணலே நிரம்பி இறுகியிருக்கிறது.

இதைக் கண்ட உயர்தர மாணவர் சிலர், தொண்டைமானாற்றுக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட கரையிலிருந்து இன்னொரு கல்லைக் கொண்டுவந்து, இரண்டும் ஒன்றே என்கிறார்கள். அது மஞ்சள் கலந்த வெள்ளைக் கல். அதிலும் துளைகள் உண்டு. ஆனால் அவை விரல் நுழையுமளவு அகலமானவை, வெறுமையானவை. சக ஆசிரியர் ஒருவரோ இரண்டுமே மரவேர் இருந்த இடங்கள் என்கிறார். மாணவருக்குத் தவறாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன். இவற்றை எவ்வாறு அடையாளம் காண்பது?

முருகைக்கல் எழுதியது:

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் என்பதை நாம் அனைவரும் பாடசாலையில் படித்திருக்கிறோம். கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் அந்தக் கல்லை நீர் கரைத்த வழிகளோடு தொடர்புடையவை. ஆகவே அலுமாரிக் கல்லும் சுண்ணாம்புக்கல்லாகவே இருக்கக்கூடும். தாளில் 'மணற்' என்று இருப்பதால் மாத்திரம் அது மணற்கல் ஆகிவிடாது. ஊரில் சொரசொரப்பான கல் எதையும் மணற்கல் என்று சொல்லிவிடுகிறோம்.

அடையற்பாறை எழுதியது:

முருகைக்கல் அவர்களின் எச்சரிக்கை சரியானது. துளையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் கல்லைப் பற்றிப் பேச வேண்டும். நான் பேராதனையில் புவிச்சரிதவியல் படித்தவன். அங்கே கற்ற முதற் பழக்கம், கல்லில் கண்ணைக் கவரும் பகுதியை விட்டுவிட்டு, கவராத பகுதியை முதலில் பார்ப்பது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை. கல்லின் புதிதாக உடைந்த முகத்தை நனைத்து, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் பாருங்கள். மணல் என்று நாம் கணக்கிடுவது பதினாறில் ஒரு மில்லிமீற்றர் முதல் 2 மில்லிமீற்றர் வரையான மணிகளை. மணிகள் தனித்தனியே தெரிகின்றனவா, அவை கண்ணாடித் துண்டுகள் போல ஒளிபுகவிடுகின்றனவா, அல்லது சிப்பித் துகள்களா என்று கவனியுங்கள். பின்னர் கல்லின் மூலையால் ஒரு பழைய போத்தலின் அடியைக் கீறுங்கள். குவார்ட்ஸ் மணி கண்ணாடியைக் கீறும். அதன் கடினம் மோவின் அளவுகோலில் 7, கண்ணாடியினது ஏறத்தாழ 5.5. சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கல்சைற்று வெறும் 3 என்பதால் அது கண்ணாடியில் வழுக்கிச் செல்லும்.

அடுத்தது அமிலம். ஆய்வுகூடத்தில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கும். இல்லாவிட்டால் வினாகிரி போதும். ஆனால் வினாகிரி மெலிந்த அமிலமாகையால் கல்லின்மேல் ஊற்றினால் ஏமாற்றும். சிறிது பொடியாக்கி அந்தப் பொடியில் விட வேண்டும். நுரைத்தால் கல்சியம் காபனேற்று உண்டு. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: நுரைத்தவுடன் 'சுண்ணாம்புக்கல்' என்று எழுதி மூடிவிடுகிறார்கள். குவார்ட்ஸ் மணிகளைச் சுண்ணாம்புப் பசை ஒட்டி வைத்திருந்தாலும் கல் நுரைக்கும். எனவே ஒரு சிறு துண்டை இரண்டு மூன்று நாள் வினாகிரியில் ஊறவைத்து, வினாகிரியை மாற்றிக்கொண்டே இருங்கள். இறுதியில் கிண்ணத்தின் அடியில் என்ன மிஞ்சுகிறது என்பதே விடை. ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாவிட்டால் சுண்ணாம்புக்கல். கைப்பிடி மணல் மிஞ்சினால் சுண்ணாம்புப் பசையுள்ள மணற்கல்.

ஒரு சொல்லையும் இப்போதே தெளிவாக்கிக்கொள்வோம். நம் பாடநூல்கள் எலும்பு, ஓடு, இலைப்பதிவு அனைத்தையும் 'உயிர்ச்சுவடு' என்கின்றன. தமிழ்நாட்டார் புதைபடிவம் என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் அது நம்மை இங்கே சிக்கவைக்கிறது. ஏனெனில் உயிரியின் உடல் அன்றி அது விட்டுச்சென்ற நடைத்தடம், வளை, மேய்ந்த கோடு ஆகியவை மாத்திரம் கல்லானால் அவற்றுக்குத்தான் 'சுவடு' என்ற சொல் உண்மையில் பொருந்தும். குழப்பத்தைத் தவிர்க்க நான் இவற்றைத் தடச்சுவடு என்று எழுதுகிறேன்.

வடமராட்சி ஆசிரியர் எழுதியது:

நான்கு நாள் தாமதத்துக்கு மன்னிக்கவும். வினாகிரியில் ஊறியது கல் மாத்திரம் அல்ல, ஆய்வுகூடம் முழுவதும் அச்சாறு மணம்.

அலுமாரிக் கல்: பொடி நுரைக்கவில்லை, துண்டும் கரையவில்லை. கைவில்லையில் ஒரே அளவான, ஒளிபுகும் மணிகள் தெரிகின்றன. போத்தலைத் தெளிவாகக் கீறியது. உடையும்போது மணிகளைச் சுற்றிச் சென்று உடைகிறது, மணிகள் பிளக்கவில்லை.

கடற்கரைக் கல்: மிகவும் நுரைத்தது. மூன்று நாளின் பின்னர், ஊறவைத்த துண்டில் மூன்றில் ஒரு பங்கு அளவான மணல் கிண்ணத்தில் தங்கியது. அந்த மணலும் கண்ணாடியைக் கீறுகிறது.

அடையற்பாறை எழுதியது:

மிக நன்று. மணியைச் சுற்றி உடைகிறது என்று நீங்கள் கவனித்தது பெறுமதியான குறிப்பு. கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிக் குவார்ட்சைற்று ஆகியிருந்தால் வெடிப்பு மணிகளை ஊடறுத்துச் சென்றிருக்கும். ஆகவே அலுமாரிக் கல் மணற்கல்லே. பூச்சி தின்ற தாள் பொய் சொல்லவில்லை.

கடற்கரைக் கல் பெரும்பாலும் கரையிலேயே இறுகிய பாறை. வற்றுப்பெருக்கு எல்லைக்குள் கிடக்கும் மணலும் சிப்பித் துகளும் கடல்நீரிலிருந்து படியும் சுண்ணாம்பால் ஒட்டிக்கொள்ளும். இதற்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் தேவையில்லை. உலகின் சில கரைகளில் இத்தகைய பாறைக்குள் போத்தல் துண்டுகளே சிக்கியிருக்கின்றன.

கீரிமலையான் எழுதியது:

கற்களின் இனத்தை ஏற்கிறேன். ஆனால் வேர் என்ற கருத்தை இவ்வளவு விரைவில் ஒதுக்க வேண்டாம். மணற்காட்டு மணற்குன்றுகளில் காற்று மணலை அள்ளிச் சென்ற இடங்களில், பட்டுப்போன வேர்களைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து குழாய்போல நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கையில் எடுத்தால் உடையும் வெள்ளைக் குழாய்கள். அவை மேலும் இறுகினால் ஆசிரியர் வைத்திருக்கும் கல்லைப் போலத்தானே இருக்கும்?

அடையற்பாறை எழுதியது:

கீரிமலையான் அண்ணாவின் அவதானம் உண்மையானது. வேர்க்குழாய்கள் பலரையும் ஏமாற்றியிருக்கின்றன. எனவே வேறுபாட்டை விரிவாகச் சொல்ல வேண்டும்.

வேர் கீழே போகப் போக மெலியும். கிளைக்கும்போது தாய்வேரைவிடக் கிளை சிறுக்கும். கல்லோ வேறு வேரோ குறுக்கிட்டால் வளைந்து விலகும். விலங்கு தோண்டிய வளை அப்படியல்ல. தோண்டுகிற உடலின் பருமன் மாறாததால் வளையின் விட்டமும் மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ மாறாது. கிளைத்தாலும் கிளை தாயின் பருமனிலேயே இருக்கும், சில வேளைகளில் கிளைக்கும் இடம் சற்றுப் புடைத்திருக்கும், ஏனெனில் உள்ளே இருந்தது அங்கே உடலைத் திருப்ப வேண்டியிருந்தது. மேலும், வேர்க்குழாயின் நடுவில் பெரும்பாலும் ஒரு மெல்லிய துளையோ கருமையான கோடோ எஞ்சும்.

வேறொரு போலியும் உண்டு. மணல் படிந்த வேகத்தில் அடியில் சிக்கிய நீர் மேல்நோக்கிப் பீறிட்டாலும் செங்குத்துக் குழாய்கள் உண்டாகும். அதைப் பிடித்துக்கொடுப்பது பக்கத்திலுள்ள படைகள்: நீர் மேலே வந்திருந்தால் குழாயின் ஓரத்தில் மணற்படைகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். வளையாக இருந்தால் படைகள் சட்டென வெட்டுப்பட்டிருக்கும், அல்லது சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்.

ஆசிரியருக்கு நான்கு வேலைகள். குழாய் ஒன்றின் விட்டத்தை மேலும் நடுவிலும் கீழும் அளந்து எழுதுங்கள். கிளை உண்டா என்று பாருங்கள். ஓரப் படைகள் எந்தப் பக்கம் வளைகின்றன என்று பாருங்கள். கல்லின் அடிமுகத்தை நனைத்து, குழாய்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்கின்றனவா என்று தேடுங்கள். அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைக் கல்லோடு கல்லாகப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பகலில் தெரியாதவை தெரியும். தயவுசெய்து யாரும் கல்லை அறுக்க வேண்டாம்.

கடற்கரைக் கல்லுக்கு ஒரேயொரு கேள்வி போதும்: துளையின் சுவரில் ஒரு சிப்பித் துண்டு எதிர்ப்பட்டால், துளை அதைச் சுற்றிப் போகிறதா, வெட்டிக்கொண்டு போகிறதா?

தூண்டில்காரன் எழுதியது:

நான் படித்தவன் அல்லன். கடனீரேரியில் தூண்டிலுக்குப் புழுத் தோண்டுகிறவன். வற்று நேரத்தில் சேற்றுத் தரையில் நின்றால் காலடியில் ஆயிரம் வாய்கள் தெரியும். எந்த வாயின் கீழே புழு, எது நண்டு, எது இறால் என்று பார்த்தவுடன் சொல்வோம். புழுவின் வாயருகே சுருள் சுருளாக மண் குவிந்திருக்கும். சிறு நண்டு என்றால் கடுகு போன்ற மண் உருண்டைகளை விசிறிபோலப் பரப்பியிருக்கும். வெள்ளை மணலில் ஓடுகிற நண்டின் வளை சரிந்து இறங்கும். மணலுக்குள் வாழும் ஒருவகை இறால் தன் வளையின் சுவரை உருண்டை உருண்டையாக மண் வைத்துப் பூசிக்கொள்ளும், நாங்கள் மண்சுவர் வைப்பது போலவே. அது பூசாவிட்டால் தளர்ந்த மணலில் வளை நில்லாது. ஆசிரியரின் கல்லில் குழாய்ச் சுவர் பூசியது போல இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா?

அடையற்பாறை எழுதியது:

தூண்டில்காரன் ஐயா, நீங்கள் படித்தவன் அல்லன் என்று எழுதியதை நான் ஏற்கவில்லை. நீங்கள் விவரித்த உருண்டை பூசிய சுவர் கல்லானால் அதற்கு ஒஃபியோமோர்ஃபா என்று பெயர். வெளிப்புறம் சோளப்பொத்தியைப் போல முண்டுமுண்டாக இருக்கும். அதே இறால் இனம் இறுக்கமான சேற்றில் தோண்டும்போது பூச வேண்டிய தேவையில்லாததால் வழுவழுப்பான, கவையாகக் கிளைக்கும் வளையை அமைக்கும். அது கல்லானால் வேறு பெயர், தலசினொய்டீஸ். விலங்கு ஒன்று, தடம் இரண்டு.

வடமராட்சி ஆசிரியர் எழுதியது:

அளந்தேன். ஒன்பது குழாய்களில் மேல், நடு, கீழ் மூன்று இடங்களிலும் விட்டம் அரை மில்லிமீற்றருக்கு மேல் மாறவில்லை. கிளை ஒன்றுகூட இல்லை. ஓரப் படைகள் பெரும்பாலும் வெட்டுப்பட்டு நிற்கின்றன. இரண்டு இடங்களில் கீழ்நோக்கிச் சாய்ந்துள்ளன. அடிமுகத்தில் சோடி இல்லை. சுவரில் உருண்டைகளும் இல்லை. ஆனால் எதிர்பாராத ஒன்று: நான்கு குழாய்களின் ஒரு முனை புனல்போல விரிந்திருக்கிறது, அந்த விரிவு, நாம் இதுவரை அடிமுகம் என்று எண்ணிய பக்கத்தில் உள்ளது.

கடற்கரைக் கல்லில் துளை சிப்பியையும் மணலையும் ஒரே சீராக வெட்டிச் செல்கிறது. துளையின் வாய் ஒடுங்கியும் உட்புறம் அகன்றும் ஒரு சிறு குடுவைபோல உள்ளது. ஒன்றின் அடியில் இரட்டை ஓடுள்ள மெல்லிய சிப்பி அப்படியே இருந்தது.

கீரிமலையான் எழுதியது:

வேர் என்ற வாதத்தை மீளப்பெறுகிறேன். விட்டம் மாறாத வேரை நான் கண்டதில்லை.

அடையற்பாறை எழுதியது:

இப்போது பேசலாம். இவ்விரு கற்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒரே கேள்வியில் அடங்குகிறது: மணல் கல்லாகும் முன்னரா துளை உண்டானது, பின்னரா? தளர்ந்த மணலில் தோண்டுகிற விலங்கு மணிகளை ஒதுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்படும் ஓட்டைச் சுற்றிப் போகும் அல்லது தள்ளிவிடும். இறுகிய கல்லைத் துளைக்கிற விலங்கோ மணி, ஓடு, பசை எதையும் பொருட்படுத்தாமல் வெட்டிச் செல்லும். ஆசிரியரின் கடற்கரைக் கல்லைத் துளைத்தது கல்லுக்குள் வாழும் ஒருவகைச் சிப்பி. அது அண்மைக்காலத்தது, குடியிருந்தவர் இன்னும் வீட்டிலேயே இருக்கிறார். அதே குடுவைத் துளை பழைய பாறையில் கிடைத்தால் அதுவும் தடச்சுவடே. காஸ்ட்ரோகீனோலைற்றீஸ் என்று பெயரிடுவார்கள். மாணவர் கொண்டுவந்த கல் வீண் என்று நினைக்க வேண்டாம்; ஒப்பிடுவதற்கு அதைவிட நல்ல துணை கிடையாது. (ஆனால் இனிக் கரையில் பார்த்துவிட்டு, படம் எடுத்து, அங்கேயே விட்டுவரச் சொல்லுங்கள். முருகைக்கல் அகற்றுவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. மாணவருக்கு இதற்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது.)

அலுமாரிக் கல்லிலுள்ளவை கல்லாவதற்கு முன்னர் தோண்டப்பட்ட வளைகள். நேரான, செங்குத்தான, கிளைக்காத, நெருக்கமான குழாய்கள் ஸ்கொலிதோஸ் என்ற பெயரில் அடங்கும். ஹால்டெமன் 1840 இல் இட்ட பெயர். ஸ்கொற்லாந்தின் வடமேற்கில் கேம்பிரியன் காலப் பாறை ஒன்று இத்தகைய குழாய்களால் நிறைந்திருப்பதால் அதற்குக் 'குழாய்ப் பாறை' என்றே பெயர். சோடி சேர்ந்து U வடிவில் வளைந்திருந்தால் அரெனிகொலைற்றீஸ் என்றிருப்போம். அந்த U இன் இரு கைகளுக்கும் இடையே வளைந்த படைகள் அடுக்கப்பட்டிருந்தால் டிப்ளொகிராற்றேரியன். ஆசிரியர் அடிமுகத்தில் சோடியைத் தேடியது இதற்காகவே.

புனலைப் பற்றி: வளையின் வாய் மேலே கடற்தரையில் திறந்திருக்கும்போது விளிம்பு சரிந்து புனலாகும். ஆகவே உங்கள் கல் அலுமாரியில் தலைகீழாகக் கிடந்திருக்கிறது. எது மேல் என்பதைக் கல்லே சொல்லும் தருணங்கள் குறைவு; இதை மாணவருக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

நிலாவரை எழுதியது:

அப்படியானால் ஸ்கொலிதோஸ் என்ற விலங்கு இந்தக் கல்லில் வாழ்ந்தது என்று எழுதலாமா? கேம்பிரியன் என்றால் ஐம்பது கோடி ஆண்டுகள். நம் பாடசாலையில் ஐம்பது கோடி ஆண்டுக் கல் இருக்கிறதென்றால் பத்திரிகைக்கே கொடுக்கலாமே!

அடையற்பாறை எழுதியது:

பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டாம், தம்பி. இரண்டு தவறுகள் ஒன்றாக வந்துள்ளன.

முதலாவது, ஸ்கொலிதோஸ் விலங்கின் பெயர் அன்று, தடத்தின் பெயர். அதைத் தோண்டியது புழுவாக இருக்கலாம், புழுவைப்போன்ற வேறொன்றாக இருக்கலாம், உடல் எஞ்சவில்லை. ஒரே விலங்கு பல தடங்களை விடும் என்பதைத் தூண்டில்காரன் ஐயாவின் இறாலில் பார்த்தோம்; பல விலங்குகள் ஒரே தடத்தை விடுவதும் உண்டு. இந்தத் துறையில் பெயர் சூட்டுவது செயலுக்கே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞர்களே இத்தகைய கோடுகள் பலவற்றைக் கடற்பாசியின் பதிவுகள் என்று எழுதிவைத்தார்கள். சுவீடனைச் சேர்ந்த நாதோர்ஸ்ற் என்பவர் 1881 இல், உயிருள்ள புழுக்களையும் பிற சிறு விலங்குகளையும் ஈரமண்ணில் ஊரவிட்டு, அவை விட்ட தடங்கள் அந்தக் 'கடற்பாசிகளை' ஒத்திருப்பதைக் காட்டினார்.

இரண்டாவது, காலம். ஸ்கொலிதோஸ் போன்ற குழாய் கேம்பிரியனிலும் உண்டு, அதற்குப் பின்னர் ஒவ்வொரு காலத்திலும் உண்டு, இன்றைய கரையிலும் உண்டாகிக்கொண்டிருக்கிறது. ஆகவே அது கடிகாரம் அன்று. சில தடங்கள் கடிகாரமாகப் பயன்படும். திரெப்திக்னஸ் பேடம் என்ற தடத்தின் முதல் தோற்றத்தைக் கொண்டே 1992 இல் நியூபவுண்லாந்தின் ஒரு பாறைச் சரிவில் கேம்பிரியன் காலத்தின் தொடக்க எல்லையை வரையறுத்தார்கள். ஸ்கொலிதோஸ் அத்தகையதன்று. அது சொல்வது காலத்தை அன்றிச் சூழலை. ஜேர்மனியரான சைலாகர் 1960களில் தடங்களைத் தொகுதிகளாகப் பிரித்தபோது, செங்குத்துக் குழாய்களின் தொகுதிக்கு இந்தப் பெயரையே வைத்தார். அலை புரட்டும் தளர்ந்த மணலில் மேற்பரப்பில் மேய்வது ஆபத்து. உணவும் நீரிலேயே மிதக்கிறது. எனவே ஆழமாக இறங்கி, வாயை மாத்திரம் நீட்டி வடித்து உண்பதே வழி. உங்கள் கல்லின் மணி ஒரே அளவில் இருப்பதும் அலை சலித்த மணல் என்பதோடு ஒத்துப்போகிறது.

முருகைக்கல் எழுதியது:

இலங்கையின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உருமாறிய பழம்பாறை. அதில் இத்தகைய வளை தப்பியிருக்காது. குடாநாட்டில் சுண்ணாம்புக்கல். புத்தளம் பக்கத்தில் தப்போவ, ஆண்டிகம ஆகிய இடங்களில் யுராசிக் கால மணற்கல் உண்டு. ஆனால் அங்கே பேர்பெற்றவை தாவர உயிர்ச்சுவடுகள். யாரோ ஒரு பழைய ஆசிரியர் வெளிநாட்டிலிருந்து மாதிரிப் பெட்டியோடு கொண்டுவந்திருக்கவும் கூடும்.

அடையற்பாறை எழுதியது:

அதை ஊகத்தால் நிரப்ப வேண்டாம். இடம் எழுதப்படாத கல்லுக்கு நாம் ஊகித்து ஓர் இடத்தை எழுதினால், இருபது ஆண்டுகளில் அந்த ஊகமே சான்றாகிவிடும்.

தூண்டில்காரன் எழுதியது:

ஆசிரியர் ஐயா, பிள்ளைகளை ஒரு நாள் வற்று நேரத்தில் கூட்டிவாருங்கள். பாரிஸ் சாந்தைத் தண்ணீராகக் கரைத்து வளைவாயில் ஊற்றி, இறுகியபின் சுற்றிவரத் தோண்டினால் வளையின் உருவம் முழுதாக வரும். ஆளில்லாத வளையாகப் பார்த்து நான் காட்டித் தருகிறேன். காலையில் வெயில் ஏறுமுன் வர வேண்டும்.

வடமராட்சி ஆசிரியர் எழுதியது:

வருகிற சனிக்கிழமை பதினெட்டு மாணவருடன் வருகிறோம், ஐயா. இடத்தைத் தனிமடலில் கேட்கிறேன். கல்லின்மேல் வார்னிஷ் பூசினால் பளபளக்கும் என்று ஆய்வுகூட உதவியாளர் சொன்னார், மறுத்துவிட்டேன். பழைய தாளைச் சிறு உறையில் இட்டுக் கல்லுடன் வைத்துள்ளேன். புதிய தாளை மாணவி ஒருவர் இந்தியன் மையால் எழுதினார்:

'குவார்ட்ஸ் மணற்கல். செங்குத்து வளைத் தடங்கள், ஸ்கொலிதோஸ் வகை. தோண்டிய விலங்கு எஞ்சவில்லை. புனல் விரிந்த முகம் மேல்முகம். காலம்: குறிக்கப்படவில்லை. எடுத்த இடம்: பழைய தாளில் அழிந்துவிட்டது. கடற்கரைக் கல்லுடன் ஒப்பிடுக.'

கல்லையும் திருப்பி வைத்துவிட்டோம்.